ஒரு டயர் மிச்சம், பெரிய செலவு மிச்சமா?

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் கார்களில், ஒரு டயரை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால், தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் அது புதியதைவிட வேகமாகச் சுழலும். அந்த வேறுபாட்டை ஓயாமல் ஈடுகட்டும் நடு இணைப்புப் பகுதி சூடேறிப் பழுதாகலாம். சுபாரு கார்களில் இவ்வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

பின் டிஃபரென்ஷியல் எண்ணெயை வீட்டிலேயே மாற்றுவோர், காரைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் எண்ணெய் ஊற்றும் திருகைத் திறந்து பார்ப்பது அவசியம். எண்ணெயை வடித்த பிறகு அத்திருகு அசைய மறுத்தால், காரைப் பட்டறைக்குக்கூட ஓட்டிச் செல்ல முடியாது. எண்ணெயின் வகை, அளவு இரண்டையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையாதீர்கள். எண்ணெயைவிட உயிர் முக்கியம்.