டாங்கர் லாரிக்கு ஒரு தண்ணீர்ப் பரீட்சை

நாமக்கல் என்றதும் முட்டைக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது லாரி. தென்னிந்தியச் சாலைகளில் சமையல் எரிவாயுவைச் சுமந்து செல்லும் டாங்கர் லாரிகளில் மிகப் பல இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. சுமார் 18 டன் எரிவாயு கொள்ளும் அந்த உருளை உறுதியானதுதானா என்பதை எவ்வாறு அறிகிறார்கள்?

எரிவாயுவின் ஒரு பகுதியான புரொப்பேன், சாதாரணக் காற்றழுத்தத்தில் −42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதைத் திரவமாகவே வைத்திருப்பது கலனுக்குள் இருக்கும் அழுத்தம். வெயில் ஏற ஏற இந்த அழுத்தமும் ஏறும். எனவே 1981ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய கலன்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. எரிவாயுக் கலனுக்கு இது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும். இதனைக் கண்காணிப்பது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம்.

சோதனை எளியது. கலனைக் காலி செய்து, எரிவாயு சிறிதும் இல்லாதபடி சுத்தம் செய்து, தண்ணீரால் நிரப்புகிறார்கள். பிறகு பம்பு கொண்டு, கலன் தாங்க வேண்டிய அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தம் கொடுத்துச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். பற்றுவைப்பு இணைப்புகளில் கசிவோ, தகட்டில் வீக்கமோ உண்டா என்று பார்க்கிறார்கள்.

காற்றை அடைத்துச் சோதிக்கக் கூடாதா? அமுக்கப்பட்ட காற்று, சுருட்டிய வில் போன்றது. ஏராளமான ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். கலன் பிளந்தால் வெடிகுண்டாகும். தண்ணீரோ ஏறக்குறைய அமுங்காது. விரிசல் விட்டால் கொஞ்சம் நீர் பீறிடும். அழுத்தம் உடனே விழுந்துவிடும்.

இதே குணம்தான் மற்றொரு விதிக்கும் காரணம். எரிவாயுத் திரவம் சூட்டில் விரியும். கலன் முழுவதும் நிரம்பியிருந்தால் விரிய இடமின்றி அழுத்தம் தாறுமாறாக உயரும். ஆதலால் மேலே வெற்றிடம் விட்டே நிரப்புகிறார்கள்.

ஆயினும் சான்றிதழ் கலனுக்குத்தான்; பயணத்துக்கு அல்ல. 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்னுமிடத்தில் ஒரு டாங்கர் கவிழ்ந்து, கசிந்த எரிவாயு தீப்பற்றியதில் 20 பேர் மாண்டனர். எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். கவிழ்ந்த டாங்கரைக் கண்டால் நெருப்பு மூட்டாமலும், வண்டியை இயக்காமலும், காற்று வீசிவரும் திசை நோக்கி விலகிச் செல்வதே அறிவுடைமை.