மண்ணடிச் செல்வம் – 9: சித்தம்பூண்டியின் கறுப்புப் பட்டை

சென்ற வாரம் காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளில் நின்று நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைப் பற்றிப் பேசினோம். பாதிக்குப் பாதி ஈரம் கொண்ட அந்தக் கரி, மின்சாரத்தைத் தவிர வேறெதற்கு ஆகும்? 1960-களில் சேலத்து இரும்புத்தாதுவை அதைக் கொண்டே உருக்கலாம் என்ற யோசனை இருந்தது; கைகூடவில்லை. 1981-ல் திறந்த சேலம் உருக்காலை உள்ளூர்த் தாதுவின் பக்கம் போகாமல், எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது.

எவர்சில்வருக்குக் குரோமியம் வேண்டும். பத்தரை சதவீதமாவது இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம். நாட்டின் குரோமைட் தாதுவில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கிறது. ஆனால் சேலம் ஆலைக்குத் தெற்கே, நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர் அளவில், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குரோமைட் உண்டு. வெளிறிய அனார்த்தோசைட் பாறைக்கு நடுவே மெல்லிய கறுப்புப் பட்டைகளாக ஓடுகிறது. அந்த வெள்ளைப் பாறையை அரைத்துத்தான் சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் செய்தார்கள். கறுப்பை எடுக்கத்தான் ஆளில்லை.

காரணம் தரம். சுகிந்தாவின் மட்டமான தாதுவில் குரோமைட் மணிகளோடு வேண்டாத மண் கலந்திருக்கிறது. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பை எடுப்பதுபோல, அங்கே தாதுவை நொறுக்கி, நீரோட்டத்தில் விட்டு, கனத்த மணியைப் பிரித்துவிடலாம். டாடா நிறுவனம் 1990 முதல் அப்படிச் செய்கிறது. சித்தம்பூண்டியில் வேண்டாதது மணிக்கு வெளியே இல்லை, மணிக்குள்ளேயே இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் படிகக் கட்டமைப்பிலேயே குரோமியத்தோடு இடம்பிடித்திருக்கின்றன. எவ்வளவு அரைத்தாலும், எத்தனை முறை கழுவினாலும் அவை போகாது. ஒரு பங்கு இரும்புக்கு மூன்று பங்கு குரோமியம் வேண்டும் என்பது பழைய உலைக்காரர்களின் கணக்கு. இந்தத் தாது அதன் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் மணியையே திறக்க வேண்டும். தாதுவை மாவாக அரைத்து, கரித்தூளோடு கலந்து, காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும். குரோமியம் ஆக்சைடு 1,200 டிகிரி தாண்டித்தான் அதை விடும். அந்த இடைவெளியில்தான் வேலை. சரியான சூட்டில் நிறுத்தினால், நுண்ணோக்கியில் மணியின் விளிம்பில் இரும்பு பளபளக்கும் புள்ளிகளாகத் துளிர்த்திருப்பது தெரியும். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்துவிடலாம். சூடு கூடிப்போனால் குரோமியமும் உலோகமாகி, இரும்போடு சேர்ந்து கைவிட்டுப் போகும். இந்த வேலைக்குக் கல்கரி கட்டாயமில்லை. ஈரம் போக்கிக் கரியாக்கிய பழுப்பு நிலக்கரியே போதும். அது சுறுசுறுப்பாக வினைபுரியும். நெய்வேலியில் ஒரு காலத்தில் ‘லீகோ’ என்ற பெயரில் அப்படிக் கரி செய்து விற்றார்கள்.

ஆனால் மட்டம் என்பதை வரையறுப்பது பாறை மட்டுமல்ல, உலையும்தான். 1968-ல் அமெரிக்காவில் உருகிய உருக்கில் ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதிக் கரியைக் குறைக்கும் முறை தொழிலுக்கு வந்தது. அதுவரை ஒதுக்கிவைத்த, கரியும் இரும்பும் கூடிய மலிவான ஃபெர்ரோகுரோம் என்ற குரோமிய-இரும்புக் கலவையையும் உலைக்குள் போட முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் ‘யூஜி-2’ என்ற அடுக்கைப் பிளாட்டினத்துக்காகத் தோண்டுகிறார்கள். மிஞ்சும் மட்டமான குரோமைட் எவர்சில்வருக்குப் போகிறது. சித்தம்பூண்டியிலும் பிளாட்டினக் குடும்ப உலோகங்களின் தடயத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டிருக்கிறது. குரோமைட்டுக்காக மட்டும் அந்த மெல்லிய பட்டைகளைத் தோண்டினால் கட்டாது என்பது என் எண்ணம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் கழிவும் வர வேண்டும். இரும்பைக் கரைத்த அமிலத்தை எங்கே விடுவது? இதே தாதுவைச் சோடா சாம்பலோடு காற்றில் வறுத்தால் நச்சுத்தன்மை வாய்ந்த ஆறு இணைதிறன் குரோமியம் பிறக்கும். ராணிப்பேட்டையில் அப்படி வறுத்துவந்து 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை வெட்டவெளியில் விட்டுப் போனது. நிலத்தடி நீர் மஞ்சளாக மாறியது. சித்தம்பூண்டிக்கு யார் திட்டம் போட்டாலும் கழிவுக்கான இடத்தையும் செலவையும் முதல் பக்கத்திலேயே எழுதட்டும். ராணிப்பேட்டைக் கழிவுமேட்டை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)