பெருங்குடலில் தெரியும் கொப்புளங்கள் எல்லாம் பாலிப் அல்ல

கொலோனோஸ்கோப்பி அறிக்கையில் ‘பல பாலிப்கள்’ என்னும் சொற்களைக் கண்டதுமே புற்றுநோய் என்று கலங்கி வருவோர் உண்டு. பாலிப் என்பது குடலின் உட்சவ்வில் வளரும் சதை. அவற்றுள் சில வகை ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றாக மாறக்கூடும், ஆதலால் அகற்றுகிறோம். எனினும், பாலிப்பைப் போலவே தோன்றும் வேறொரு நிலையும் அரிதாக உண்டு. குடற்சுவருக்குள் வாயு புகுந்து, திராட்சைக் கொத்துப் போல் உருண்டு நிற்பதே அது. இதன் மருத்துவப் பெயர் ‘நியூமட்டோசிஸ் சிஸ்டாய்ட்ஸ் இன்டெஸ்டினாலிஸ்’. வாயுக் கொப்புளங்கள் என்றே இங்குக் குறிப்பிடுவோம்.

இரண்டையும் பிரித்தறிவது ஏன் முக்கியம்? பாலிப் என்று எண்ணிக் கம்பி வளையத்தால் அறுத்தால் குடலில் ஓட்டை விழ நேரலாம். தேவையற்ற அறுவைச் சிகிச்சையும் நிகழ்ந்துவிடலாம். வாயுக் கொப்புளத்தின் மேற்சவ்வு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். கருவியால் அழுத்தினால் அமுங்கும். சி.டி. ஸ்கேனில் சதை வேறாகவும் வாயு கறுப்பாகவும் தெரிவதால் ஐயம் தீர்ந்துவிடும்.

நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் இது காணப்படுவதுண்டு. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளும் அரிதாகக் காரணமாகின்றன. இவை மாவுச்சத்துச் செரிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. செரியாத சோறும் இட்லியும் பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவோர் பலர் மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் ‘சுகர் மாத்திரை’ என்று மட்டும் சொல்கின்றனர். அது எங்களுக்குப் போதாது, அட்டையையே கொண்டுவாருங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டா. மாற்று மருந்தை நாங்கள் தருவோம்.

தொல்லை இல்லாதவர்களுக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை, கண்காணித்தாலே போதும். வயிற்றுப்போக்கோ இரத்தக்கசிவோ இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையும், சில நாட்கள் முகமூடி வழியே ஆக்சிஜனும் தருவதுண்டு. ஆக்சிஜனை மிகுதியாகச் சுவாசிக்கையில் இரத்தத்தில் நைட்ரஜன் குறைகிறது. கொப்புளத்திலுள்ள வாயு மெல்ல இரத்தத்தில் கலந்து வெளியேறுகிறது. கத்தி தேவைப்படாத எளிய வழி இது.

ஆனால் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், வயிறு கல்லாக இறுகுதல் ஆகியவற்றுடன் குடற்சுவரில் வாயு தெரிந்தால் நிலைமை வேறு. குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.