வாய் பேசாதவரின் வாக்கு

தீர்மானம் வாசிக்கப்படுகிறது. "ஆட்சேபிப்பவர் உண்டா?" என்கிறார் அக்கிராசனர். இரண்டு விநாடி கழித்து, "ஏகமனதாக நிறைவேறியது" என்கிறார். பொதுவாழ்வில் ஈடுபட்டோரில் இதைக் காணாதார் யார்? வாய் பேச இயலாத ஒருவர் அச்சபையில் இருந்தால் அவர் கதி என்ன?

1974-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில், அறிவு வளர்ச்சி குறைந்தோர் எனப்பட்டவர்கள், தமக்காகப் பிறர் பேசியது போதும், இனித் தாமே பேசுவோமென்று ஒரு சங்கம் கண்டனர். 'முதலில் மனிதர்' என்பது அதன் பெயரின் கருத்து. இத்தகைய சங்கங்கள் பின்னர்ப் பல தேசங்களிலும் தோன்றின. ஆயினும், தாமே பேசுவோர் சங்கத்தில் பேச்சே வராதவருக்கு இடம் எங்கே?

பேச்சில்லாதவருக்கு அபிப்பிராயமும் இல்லை என்பது பெரும் பிழை. தேசங்களுக்குள் பொதுப் பாஷையாகப் பயன்படவேண்டுமென்று சார்லஸ் பிளிஸ் என்பவர் சித்திரக் குறிகள் சிலவற்றை அமைத்தார். 1971-ல் கானடாவின் டொராண்டோ நகரில், மூளை வாதத்தால் பேச்சு வராத குழந்தைகளுக்கு அக்குறிகளைப் பலகையில் எழுதிக் காட்டினார்கள். குழந்தைகள் அவற்றைச் சுட்டியே வாக்கியம் அமைத்தன.

சட்டமும் இதை அறியாததன்று. பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ விளங்கச் செய்தால் அது வாய்மொழிச் சாட்சியமேயாகும் என்று 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 119-வது பிரிவு விதித்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நீடிக்கிறது. கொலை வழக்கில் ஒருவனுடைய உயிரை நிர்ணயிக்கப் போதுமான சைகை, ஒரு சங்கத்தின் வரவுசெலவை நிர்ணயிக்கப் போதாதோ?

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாட்சியின் வாயில் வார்த்தையைத் திணிக்கும் வக்கீல்களை நாம் பார்த்திருக்கிறோம். (நாமும் அக்குற்றத்துக்கு முற்றிலும் புறம்பானவரல்லோம்.) கையைப் பிடித்து எழுத்துக்களைச் சுட்டச் செய்யும் ஒரு முறை மேல்நாடுகளில் மிகவும் பிரபலமாயிருந்தது. 1990-களில் சோதித்தபோது, வெளிவந்த சொற்கள் கையைப் பிடித்த உதவியாளருடையவையே என்று தெரிந்தது. நல்லெண்ணமுடையவர்களே இப்படி ஏமாந்தார்கள்.

சித்திரக் குறியும் வசப்படாதவர் உண்டு. முகம் திருப்புவதும், சிரிப்பதும், அறையை விட்டு வெளியேறுவதுமே அவருடைய பாஷை. அவரை நெடுநாள் அறிந்தவர், "நான் கண்டது இது, நான் ஊகிப்பது இது" என்று பிரித்துச் சொல்லவேண்டும். ஊகத்தைச் சபை ஊகமாகவே நடவடிக்கைக் குறிப்பில் பதியவேண்டும். 'ஆம்' என்று சைகை செய்தவரிடம் அதே கேள்வியை மாற்றியும் கேட்கவேண்டும். விவாதிக்கும் பொருளைச் சில தினங்கள் முன்னதாகவே படங்களுடன் கொடுத்துவிடவேண்டும்.

இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். நான்கு தீர்மானங்களுக்கென்று கூடிய கூட்டத்தில் ஒன்றே நிறைவேறட்டும். மற்ற மூன்றும் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படட்டும்.