சின்ன வயசுல பட்ட கதிர், நாற்பது வயசுல காட்டுற முகம்

தலையில படர்தாமரை வந்தா இன்னிக்கு என்ன பண்ணுவோம்? டாக்டர் எழுதித் தர்ற மாத்திரையைச் சில வாரம் சாப்பிடுவோம். சரியாயிடும்.

1950-கள்ல இந்த மாத்திரை இல்ல. அதனால குழந்தைங்க தலைக்கு எக்ஸ்-ரே கொடுத்தாங்க. பூஞ்சையைக் கொல்றதுக்கு இல்ல; முடி மொத்தமும் கொட்டினா அதோட பூஞ்சையும் போயிடும்ங்கறதுதான் கணக்கு. இஸ்ரேல்ல, வட ஆப்பிரிக்காவுல இருந்தும் மத்திய கிழக்குல இருந்தும் வந்து குடியேறின குடும்பங்களோட பல ஆயிரம் குழந்தைங்களுக்கு இப்படிச் செஞ்சாங்க. நியூயார்க்லயும் நடந்தது. 1950-களோட கடைசியில கிரிசியோஃபுல்வின் மாத்திரை வந்த பிறகுதான் இந்த வழக்கம் ஓய்ஞ்சது.

முடி திரும்ப வளர்ந்துடுச்சு. எல்லாரும் மறந்துட்டாங்க. ஆனா ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. எக்ஸ்-ரே படாதவங்களை விட இவங்களுக்குத் தலையிலயும் முகத்துலயும் தோல் புற்றுநோய் அதிகமா வந்திருந்தது. மூளைக் கட்டி, தைராய்டு புற்றுநோயும் கூடியிருந்தது. 1994-ல இஸ்ரேல் இவங்களுக்கு இழப்பீடு கொடுக்கத் தனிச் சட்டமே போட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? கதிர்வீச்சு, தோலோட அடி அடுக்குல இருக்கிற செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்குது. அந்தச் செல் சாகாம பிழைச்சா, பழுதையும் சேர்த்தே பெருகுது. அது மேல வருஷக்கணக்கா வெயில் இன்னும் பழுதைச் சேர்க்குது. நியூயார்க்ல பாதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரங்கன்றது இதனாலதான்.

அப்போ நமக்குக் கவலை இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. இதுல அதிகமா வர்றது பேசல் செல் கார்சினோமா. மாநிறத் தோல்ல அது பல நேரம் கருப்பாவே இருக்கும். மச்சம்னு நினைச்சு விட்டுடுவோம்.

சின்ன வயசுல புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்து, இன்னிக்கு வேலைக்குப் போயிட்டிருக்கிறவங்க நம்ம நடுவுலயே இருக்காங்க. அவங்களுக்கு மூணு விஷயம். ரேடியேஷன் பட்ட இடத்தை வருஷத்துக்கு ஒரு தடவை தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. பழைய சிகிச்சைக் குறிப்பையும் எடுத்துட்டுப் போங்க. அந்த இடத்தை வெயில்ல இருந்து மறைங்க. ஆறாத புண்ணோ, பளபளப்பான சின்னக் கட்டியோ, திரும்பத் திரும்ப ரத்தம் கசியுற பொருக்கோ வந்தா காத்திருக்காதீங்க.

இந்த வகை புற்றுநோய் வேற உறுப்புக்குப் பரவறது ரொம்ப அபூர்வம். சீக்கிரம் பார்த்தா சின்ன ஆபரேஷன்லயே முடிஞ்சிடும். விட்டா, பக்கத்துல இருக்கிற சதையையும் எலும்பையும் அரிக்கும்.

கடைசியா ஒண்ணு. இதைக் கேட்டுட்டு, இன்னிக்கு டாக்டர் சொல்ற ரேடியேஷனை யாரும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க. படர்தாமரை உயிரை எடுக்காது, புற்றுநோய் எடுக்கும். ரெண்டும் ஒரே கணக்கு இல்ல.