ஆழம் குறைந்தால் வேலை கூடும்

1975 நவம்பர் 10 இரவு, சுப்பீரியர் ஏரியில் வீசிய புயலில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. காரணம் என்ன என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. காரிபூ தீவை ஒட்டிய நீரடித் திட்டில் கப்பலின் அடி தட்டியிருக்கலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். மறு ஆண்டு கனடா அந்த இடத்தை அளந்து பார்த்தபோது, வரைபடத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு மைல் கிழக்கு வரை திட்டு நீண்டிருந்தது தெரியவந்தது. கப்பலை மூழ்கடித்தது அந்தத் திட்டோ இல்லையோ, வரைபடம் தவறு என்பது உறுதியாகிவிட்டது.

அமெரிக்க-கனடா எல்லைப் பகுதியில் கிடக்கும் சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்ற ஐந்து பேரேரிகளின் பரப்பு சுமார் 2,44,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. உலகின் நிலப்பரப்பின் மேலுள்ள நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. டொரன்டோவில் வாழும் ஈழத்தமிழர் வீட்டுக் குழாயில் வருவதும் ஒன்டாரியோ ஏரித் தண்ணீர்தான். இவ்வளவு பேர் குடித்தும் கப்பல் ஓட்டியும் புழங்கும் ஏரிகளின் தரையில், நுட்பமாக அளக்கப்பட்டது ஏழில் ஒரு பங்கு அளவே. மீதிக்கு இருப்பவற்றில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்த காலத்துக் கணக்குகளும் உண்டு. ஒரு கயிறு இறங்கிய இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது வெறும் ஊகம்.

இந்த இடைவெளியை 2030-க்குள் அடைத்துவிட வேண்டும் என்று பேரேரிகள் கண்காணிப்பு அமைப்பு ஒரு முயற்சியைத் தொடங்கியது. பெயர் ‘லேக்பெட் 2030’. கடல்களுக்கு இதேபோன்ற ‘சீபெட் 2030’ திட்டம் 2017-லேயே வந்துவிட்டது.

அளக்கும் முறை புதிதல்ல. படகின் அடியில் பொருத்திய பல்கற்றை சோனார், நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறிபோல் விரித்துக் கீழே அனுப்பும். ஒவ்வொன்றும் தரையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடப்படும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகவும், ஆழமான இடங்களில் அடித்தண்ணீர் 4 டிகிரியை ஒட்டிய குளிரிலும் இருப்பதால் ஒலியின் வேகம் மாறும், பாதை வளையும். எனவே வேலைக்கு நடுநடுவே கருவி இறக்கி, ஒலிவேகத்தையும் அளந்தாக வேண்டும்.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஏரி ஆழமாக இருந்தால்தான் அளப்பது கடினம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மொட்டைமாடியிலிருந்து டார்ச் அடித்தால் தெருவில் பெரிய வட்டம் விழும். முழங்கால் உயரத்திலிருந்து அடித்தால் ஒரு தட்டளவுதான். ஆழத்தைப் போல நான்கு மடங்கு அகலத்தை சோனார் ஒரே ஓட்டத்தில் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் ஆழத்தில் 800 மீட்டர் அகலம் கிடைக்கும். ஐந்து மீட்டர் ஆழத்திலோ 20 மீட்டர்தான். 406 மீட்டர் வரை இறங்கும் சுப்பீரியரைவிட, சராசரியாக 19 மீட்டரே உள்ள ஈரி, அதே பரப்பளவுக்குப் பல மடங்கு அதிக ஓட்டம் கேட்கும். துறைமுகம், குடிநீர்க் குழாய், மீன் முட்டையிடும் கற்பாறைத் திட்டு எல்லாம் இருப்பதும் இந்த ஆழமற்ற பகுதிகளில்தான்.

கரையோரத்தில் விமானத்திலிருந்து பச்சை லேசர் பாய்ச்சும் லைடார் கைகொடுக்கிறது, தண்ணீர் தெளிவாக இருந்தால். இங்கே ஒரு விசித்திரம். 1980-களின் இறுதியில் கப்பல்களின் நிலைச்சுமை நீரோடு வந்து பரவிய குவாகா சிப்பிகள், பாசியை வடிகட்டித் தின்று மிச்சிகன் ஏரியைக் கண்ணாடியாக்கிவிட்டன. மீன்வளத்துக்குப் பெருங்கேடு, லேசருக்கு வசதி. அதே சிப்பிகள்தான் மூழ்கிய கப்பல்களின் மேல் அப்பிக்கொண்டு மரத்தையும் இரும்பையும் சிதைக்கின்றன.

இத்தனை வேலையை ஒரே அமைப்பு செய்து முடிக்க முடியாது. கடலில் ஓடும் பெரிய ஆய்வுக் கப்பல் இங்கு வர வேண்டுமானால் செயின்ட் லாரன்ஸ் நீர்வழியின் மடைகளை ஒவ்வொன்றாக ஏறி வர வேண்டும். அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் என்ற ஆய்வுக் கப்பல் அப்படி 2022-ல் ஈரி ஏரிக்கு வந்தது. மற்றபடி அமெரிக்க அரசின் கடல்-வளிமண்டல அமைப்பான நோவா, கனடிய நீர்ப்பரப்பு அளவைத் துறை, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, பல்கலைக்கழகங்கள், கப்பற்சிதைவு தேடுவோர் என ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறார்கள். சாதாரண மீன்பிடிப் படகின் எதிரொலிமானியில் ஒரு பதிவுக்கருவியை இணைத்தால் அதுவும் ஆழம் சேகரிக்கும். ஆனால் நல்ல மீன் கிடைக்கும் திட்டை ஊருக்குச் சொல்ல எந்த மீனவர் விரும்புவார்?

துண்டுகளை ஒட்டுவது இன்னொரு தலைவலி. ஆழம் எங்கிருந்து எண்ணப்படுகிறது? ஏரி மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். தரையும் நிலையாக இல்லை. பனியுகப் பனிப்பாறைகளின் பாரம் நீங்கியதால் வடகரை இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் இரு நாடுகளும் சேர்ந்து 1985-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு பொது மட்டத்தைப் பயன்படுத்துகின்றன. அதையும் இப்போது புதுப்பிக்கிறார்கள். பழைய அளவைகளை அந்த மட்டத்துக்கு மாற்றாமல் பக்கத்தில் வைத்தால், இல்லாத மேடும் பள்ளமும் முளைக்கும்.

அளந்த சிறு பகுதியே தந்தவை கொஞ்சமல்ல. ஹூரான் ஏரியின் அடியில் உள்ள அல்பினா–ஆம்பர்லி மேட்டில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் காரிபூ மான்களை மடக்க மனிதர் அடுக்கிய கல்வரிசைகளை ஜான் ஓஷேயின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2009-ல் அறிவித்தது. 1894-ல் மூழ்கிய அயர்ன்டன் கப்பல் 2019-ல் அகப்பட்டது. ஆளில்லாப் படகின் சோனாரும் அந்தத் தேடலில் இருந்தது. 2022-ல் மிச்சிகன் ஏரியின் விஸ்கான்சின் கரைக்கு அப்பால் வட்டவட்டமான பள்ளங்கள் தென்பட்டன.

ஐந்து ஏரிகளையும் அளந்து முடிக்க 20 கோடி டாலர் ஒதுக்கக் கோரும் மசோதாவை மிச்சிகன் மாநிலத்தின் இரு கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார்கள். அந்தப் பணம் வந்தாலும் ஆண்டு முழுவதும் அளக்க முடியாது. குளிர்காலப் புயலும் பனிக்கட்டியும் போக, சிறு படகுகள் ஓட வாய்ப்பது வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரையிலான மாதங்கள் மட்டுமே.