சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை வரையும் சென்சார்

விருதுநகர் பக்கத்து மல்லாங்கிணற்றில் டைப் 1 சர்க்கரை நோயோடு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருகிற நோய் இது. மிட்டாய் தின்று வந்ததில்லை, பெற்றவர்கள் தப்பும் இல்லை. ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி வேண்டும். எந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்பதில்தான் சிக்கல்.

விரலில் குத்தி மீட்டரில் பார்த்தால் அந்த நிமிடத்தின் அளவு மட்டும் தெரியும். காலையில் 190 காட்டுகிறது. ராத்திரிச் சாப்பாடு தாமதமாகச் செரித்து ஏறியதா, விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் ஏற்றினவா? முன்னதற்குச் சாப்பாட்டு ஊசியை மாற்ற வேண்டும், பின்னதற்கு நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினை. ஒற்றை எண்ணை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது.

மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சார் நாணயம் அளவுதான் இருக்கும். அதிலிருந்து முடிபோல மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்குகிறது. இழைமேல் பூசிய நொதி, செல்களுக்கு இடையிலுள்ள நீரின் குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அதில் பிறக்கும் சின்ன மின்னோட்டம்தான் சர்க்கரை அளவாக மாறுகிறது. அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்த யோசனை இது. அளப்பது ரத்தத்தை அல்ல என்பதால் சில நிமிடங்கள் பிந்தியே காட்டும். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கும்போது, அளவு சரியாக இருக்கிறது என்று சென்சார் சொன்னாலும் நம்பாமல் விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

2015இல் இந்தியாவுக்கு வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே புரோ என்ற சென்சார் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, 14 நாள் பதிவு செய்யும். அதை மருத்துவர்தான் இறக்கிப் படிப்பார். 14 நாளையும் ஒரே 24 மணி நேரத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைகிற முறையை ஆய்வாளர் ரோஜர் மேசியும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்டார்கள். என் கணிப்பில் சென்சாருக்குச் சமமான கண்டுபிடிப்பு அது. ஒரு வேளையில் கோடுகள் நெருங்கி, ஆனால் உயரத்தில் ஓடினால் மருந்தளவு போதவில்லை. சிதறிக் கிடந்தால் சாப்பாடோ ஊசி நேரமோ நாளுக்கு நாள் மாறுகிறது, யூனிட்டைக் கூட்டினால் ஆபத்து. நாளில் 70 சதவீத நேரமாவது சர்க்கரை 70க்கும் 180க்கும் நடுவில் இருக்க வேண்டும், 70க்குக் கீழே 4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் பொதுவாக வகுத்த இலக்கு.

நம் பக்கத்துச் சங்கதிகள் இந்தக் கோட்டில் நன்றாகத் தெரியும். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அமைதியாக இருந்த சர்க்கரை நடுராத்திரியில் ஏறலாம். சாயங்காலம் கபடி ஆடிய பிள்ளைக்குத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கலாம். குதிரைவாலிச் சோறும் மாவுச்சத்துதான். சிறுதானியம் என்பதற்காக ஊசியைக் குறைத்துவிடக் கூடாது, அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கோடு ஏமாற்றும் இடமும் உண்டு. சித்திரை வெயிலில் இன்சுலின் வீரியம் இழந்திருந்தால், எல்லா வேளையும் சர்க்கரை உயர்ந்து, மருந்து போதாததுபோல் தோன்றும். யூனிட்டைக் கூட்டிவிட்டுப் புதுக் குப்பியைத் திறந்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க ஈரமண்ணும் மண்பானையும் உதவும். நம்முடைய வறண்ட காற்றில் பானை நன்றாகவே குளிரும்.

ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. எப்போதும் ஒட்டியிருக்க மாதம் இரண்டு வேண்டும், கூலி வேலை செய்கிற குடும்பத்தால் முடியாது. ஆனால் பிள்ளை வளர்ந்து மருந்தளவு மாறும் சமயத்தில் ஒட்டும் ஒரே ஒரு சென்சார்கூட அடுத்த சில மாதங்களுக்கு வழிகாட்டும். அரசு மருத்துவமனைகளில் இது கிடைக்கத்தான் வேண்டும். ஒட்டியிருக்கிற 14 நாளும் என்ன சாப்பிட்டது, எப்போது ஊசி போட்டது, எப்போது விளையாடியது என்று ஒரு நோட்டில் எழுதி, மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை அவர் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.